ஒரு வண்டி, நான்கு பாரம்

திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் மடிந்து உட்காருவதற்கு முன் எத்தனை முறை வண்டியேறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நூல் மில்லிலிருந்து குடோனுக்கு வருகிறது. குடோனிலிருந்து நிட்டிங். அங்கிருந்து சாயப்பட்டறை. சாயம் ஏறிய துணி காம்பாக்டிங்குக்குப் போய், கட்டிங்குக்கு வந்து, பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ ஒரு நடை போய்த் திரும்பி, தையலுக்குப் பிரிந்து, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஊரைச் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் உண்டு. ஆனாலும் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில்தான் பிழைக்கிறது. 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குத் திருப்பூர் ஏற்றுமதி செய்தது என்கிறார்கள். அந்தச் சரக்கில் பெரும்பங்கு ஏதோ ஒரு கட்டத்தில் பன்னிரண்டு அங்குலச் சக்கரத்தின் மேலோ, பதினான்கு அங்குலச் சக்கரத்தின் மேலோ உட்கார்ந்து மங்கலம் ரோட்டையும் பல்லடம் ரோட்டையும் கடந்திருக்கும்.

இன்றைய பேச்சு அந்தச் சக்கரங்களைப் பற்றியது. சக்கரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ஐந்தாறு இரும்புப் பட்டைகளைப் பற்றியது.

பட்டறை வாசலில் தினமும் நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு.

“ஏனுங்கண்ணா, பின்னாடி உக்காந்துக்குது. ரெண்டு பட்டை சேத்திப் போட்டு உட்ருங்களே.”

“எவ்வளவு ஏத்தறீங்க?”

“அதெல்லாம் பார்த்தா முடியுங்களா?”

அந்தக் கடைசிப் பதிலில் ஊரின் வாடகைப் பொருளாதாரமே அடங்கியிருக்கிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நடையில் இன்னும் ஐந்து மூட்டை போனால் ஒரு நடை மிச்சம். மாதத் தவணை ஐந்தாம் தேதி வந்து நிற்கும். ஆகவே, வண்டி உட்காருகிறது என்றால் பட்டை சேர்க்க வேண்டும். பட்டை சேர்த்தால் வண்டி நிமிரும். நிமிர்ந்த வண்டி பாரம் தாங்கும் வண்டி. இப்படி ஒரு கணக்கு கொங்கு நாட்டு ஓட்டுநர்கள் பலரின் மனதில் பதிந்திருக்கிறது. கணக்கில் முதல் வரி சரி. இரண்டாவது வரியும் சரி. மூன்றாவது வரியில்தான் தகராறு.

பட்டையின் கதை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. காங்கேயம் காளை பூட்டிய வில்வண்டியில் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. கட்டை வண்டியில் அச்சு நேராகத் தொட்டியின் அடியில் உட்காரும். கல்லில் ஏறினால் முதுகில் அடிக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கினார்கள். வளைந்திருந்ததால் அது வில். வசதி உள்ள வீட்டுக்குத்தான் வில்வண்டி வாய்த்தது. இங்கிலாந்துக் கோச்சு வண்டிகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய அதே உத்தி காலனிக் காலத்தில் இங்கே வந்து, தமிழில் நல்ல பெயரும் பெற்றுக்கொண்டது. இன்று அதே பொருளை லீஃப் ஸ்பிரிங் என்கிறோம்.

மோட்டாரும் இந்தப் பக்கம் சீக்கிரமே வந்தது. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அந்தச் சாலையின் நடுவில் இருக்கும் உடுமலைப்பேட்டை இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. உதிரி பாகம் கப்பலில் வர வேண்டிய காலத்தில் உடைந்ததைத் தானே செய்துகொள்வது கோவை வட்டாரத்தின் குணமாயிற்று. பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்தவுடன் “நாம இதை மாத்திப் போடலாம்” என்று சொல்லும் துணிச்சல் அங்கிருந்து வந்ததுதான். அந்தத் துணிச்சல் இந்த ஊருக்குச் சோறு போட்டிருக்கிறது. சில சமயம் அது வண்டியின் பிரேக்கையும் கெடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

2005இல் டாடா ஏஸ் வந்தபோது திருப்பூருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 700 சிசி, பதினாறு குதிரைத் திறன். முக்கால் டன் பாரம். காதர்பேட்டைச் சந்துக்குள் திரும்பும். ‘சின்ன யானை’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 2011இல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன்னோடு வந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. இவை எல்லாவற்றிலும் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்தான். காரில் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிய உலகம் சுமை வண்டியில் பட்டையை விடவில்லை. காரணம் எளிது. பட்டை பாரத்தையும் தாங்குகிறது, அச்சையும் இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வேலைக்கு ஒரே ஆள்.

இப்போது ஒரு வண்டியின் ஒரு நாளைப் பார்ப்போம். குறிப்பிட்ட ஒருவருடைய வண்டி இல்லை. ஊரில் எந்த ஸ்டாண்டிலும் நிற்கும் ஒரு முக்கால் டன் வண்டி.

காலையில் நூல். மூட்டை 50 கிலோ என்றால் பதினைந்து மூட்டை ஏற்றியதும் 750 கிலோ; அதோடு அனுமதி முடிந்தது. மூட்டைகள் மூன்று அடுக்கில் கேபின் உயரத்துக்குள் அடங்கிவிடும். பார்ப்பதற்கு இன்னும் நிறைய இடம் இருப்பது போலவே தெரியும். “இன்னும் அஞ்சு போடுங்க” என்ற குரல் எழுவது இங்கேதான். போட்டால் ஆயிரம் கிலோ. முற்பகலில் நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ரோல். ஒன்று 20 முதல் 25 கிலோ. இருபத்துநான்கு ரோலுக்கு 600 கிலோ வரை. பாரம் குறைந்தது, உயரம் கூடியது. மதியம் கட்டிங் முடிந்த பீஸ் கட்டுகள், தையல் யூனிட்டுக்கு. இருநூறு கிலோ இருந்தால் அதிகம். மாலையில் பேக்கிங் முடிந்த அட்டைப் பெட்டிகள்: பெட்டிக்குப் பன்னிரண்டு கிலோ என்று முப்பது பெட்டி வைத்தாலும் 360 கிலோதான், ஆனால் கேபினுக்கு மேல் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி, கயிறு போட்டுக் கட்டி, வளைவில் ஆடிக்கொண்டு போகும். இவற்றுக்கு நடுவே காலி வண்டியாகத் திரும்பும் நடைகள்.

நான்கு பாரம், ஒரே ஸ்பிரிங். காலை ஒரு மணி நேரத்து நூல் மூட்டைக்காகப் பட்டையைக் கூட்டினால், மீதி நாள் முழுக்க அந்தப் பட்டை வேண்டாத விருந்தாளி. மாலையின் அட்டைப் பெட்டிக்கு அது உதவுவதில்லை, சொல்லப்போனால் கெடுக்கிறது.

எப்படி என்று பார்க்க, பட்டையின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரே தடிமனுள்ள ஐந்து பட்டைக் கட்டில் ஆறாவதாக அதே தடிமனில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடிமனைத் தொட்டால் கணக்கே வேறு. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால், பார்வைக்கு இரண்டு மில்லிமீட்டர்தான். விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழைய லாரிப் பட்டையை வெட்டிச் சின்ன யானைக்குப் போடும் வழக்கம் எவ்வளவு பெரிய மாற்றம் என்று இந்தக் கணக்கில் தெரியும்.

இன்னொரு கணக்கு. நின்ற நிலையில் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் வண்டி வினாடிக்கு எத்தனை முறை குதிக்கும் என்று வரும். பாரத்தில் 9 சென்டிமீட்டர் அமுங்கினால் வினாடிக்கு 1.7. காலியில் 4 சென்டிமீட்டர் என்றால் 2.5. இதே ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் காலி வண்டி 2 சென்டிமீட்டர்தான் அமுங்கும், குதிப்பு 3.5க்குப் போய்விடும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 முறை என்ற எல்லையில்தான் மிக அதிகமாக நோகிறது என்று அதிர்வுத் தரநூல்கள் சொல்கின்றன. விறைப்பேற்றிய வண்டி காலியாகத் திரும்பும்போது அந்த எல்லையின் வாசலைத் தட்டுகிறது. இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும் ஓட்டுநர், தன் வலியைப் பட்டறையில் காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடும்.

வேகத்தடை வேறு இருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் ஐஆர்சி 99 என்ற தரநூல், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வகையில் வளைந்த வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. 3.7 மீட்டர்! நம் தெருக்களில் ஒரு முழம் அகலத்தில் கூம்பு போலப் போட்டு வைத்திருப்பதற்கு எந்தத் தரநூலில் இடம் தேடுவது? குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களையும் சேர்த்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஸ்பிரிங் வாங்கும் அடி எண்ணிக்கையில் அடங்காது.

இனி பிரேக். இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளலாம். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ நெம்புகோலோ அச்சுக்குப் போகும். பாரம் அறியும் பிரேக் வால்வு அது, எல்.எஸ்.பி.வி. என்பார்கள். அதன் வேலை எளிது. வண்டி உட்கார்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின்சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுக்கும். வண்டி நிமிர்ந்திருந்தால் காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைக்கும். காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வாலை வீசாமல் இருப்பதற்காக. அந்த வால்வுக்குத் தராசு கிடையாது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள தூரம்தான் அதற்கு எடை.

இப்போது இரண்டு பட்டை சேர்த்துப் பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கிவிட்டோம். ஆயிரம் கிலோ நூல் ஏற்றியும் வண்டி நிமிர்ந்தே நிற்கிறது. ஓட்டுநருக்குச் சந்தோஷம். வால்வு என்ன நினைக்கிறது? வண்டி காலி என்று நினைக்கிறது. பாரம் அதிகமான நேரத்தில் பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கிறது. அவிநாசி மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது “பிரேக் கொஞ்சம் தள்ளிப் புடிக்குது” என்று தோன்றினால், மெக்கானிக் பிரேக் ஷூவைப் பார்ப்பார், எண்ணெய் மாற்றுவார், டிரம்மைக் கடைவார். பட்டை சேர்த்த அன்று வால்வின் கம்பியைத் திரும்பச் சரிசெய்யவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வராது. சிலர் அந்தக் கம்பியைக் கழற்றிக் கட்டியே வைத்துவிடுவதும் உண்டு. நோயைவிட மருந்து மோசமான இடம் அது.

பின்பக்கம் தூக்கியதன் பலன் பிரேக்கோடு நிற்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறும், யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேயும். வண்டியின் எடை மையம் உயரும். மாலை அட்டைப் பெட்டிக்கு வருவோம். வலது, இடது சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் உள்ள வண்டியில் எடை மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால், பாதி அகலமான 65ஐ 80ஆல் வகுக்க 0.81 வரும். மையம் ஒரு மீட்டருக்கு ஏறினால் 0.65. வளைவில் கவிழாமல் நிற்கும் தெம்பின் அளவுகோல் அந்த எண்தான். ஸ்பிரிங்கின் சாய்வு, டயரின் வளைவு எல்லாம் சேர்ந்து அதை இன்னும் கீழே இறக்கும். எடை குறைந்த சரக்கு என்பதால் பயமில்லை என்று நினைக்கும் பாரம்தான் வளைவில் அதிகம் பயப்பட வேண்டிய பாரம்.

சரி, பட்டை சேர்த்தால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள எடை அனுமதி கூடுமா? கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 194ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. கூடுதல் சரக்கை இறக்கவும் வேண்டும். ஐந்து மூட்டை நூலில் மிச்சமாகும் ஒரு நடைக்கூலியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது வண்டிக்காரரின் பொறுப்பு.

ஆஸ்திரேலியாவில் வேறு வழி இருக்கிறது. அங்கே பிக்கப் வண்டியின் மொத்த எடை அனுமதியை உயர்த்தவென்றே ஸ்பிரிங், ஷாக் எல்லாம் அடங்கிய தொகுப்பை விற்கிறார்கள். சோதித்துச் சான்று பெற்ற தொகுப்பாக இருந்தால், பொறியாளர் ஒப்புதலோடு புதிய எடை பதிவாகிறது. சான்று பெறும்போது பிரேக், அச்சு, டயர் எல்லாம் புதிய எடைக்குத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். நம் பட்டறையில் கழற்றும் கை, பூட்டும் கை இரண்டும் அவர்களுக்குக் குறைந்தவை அல்ல. நடுவில் இருக்கும் சோதனைதான் இல்லை. சிறு வண்டிக்காரருக்கு அப்படியொரு நேர்வழி இங்கும் திறந்தால் திருட்டுத்தனமாகப் பட்டை சேர்க்கும் பழக்கம் பாதி குறையும் என்று நம்ப இடமிருக்கிறது.

பட்டையைப் பலப்படுத்தினாலும் சங்கிலியின் அடுத்த கண்ணி டயர். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை வாழ்நாளில் ஒருமுறையாவது குந்தி உட்கார்ந்து படிக்க வேண்டும். 145 ஆர் 12 என்றால் அகலம் 145 மில்லிமீட்டர், ரேடியல், 12 அங்குல ரிம். தோஸ்த் வண்டியில் 185 ஆர் 14. பக்கத்தில் 8 பிஆர் என்பது பலத்தின் வகுப்பு. அதை ஒட்டி 86/84 போன்ற எண் வரும். அது எடைக் குறியீடு. 86 என்றால் ஒற்றை டயராக 530 கிலோ. 102 என்றால் 850. பின்னால் இரண்டு டயர் என்றால் முதல் வகையில் 1,060 கிலோ. ஆயிரம் கிலோ நூலில் பெரும்பங்கு பின் அச்சின் தலையில் விழுகிறது. வண்டியின் சொந்த எடையில் பின்பக்கத்துப் பங்கையும் சேர்த்தால் அந்த 1,060 கண்ணெதிரே கரைந்துவிடும். எத்தனை பட்டை சேர்த்தாலும் டயரில் அச்சடித்த எண் மாறாது.

அந்த எண்ணும் சும்மா கிடைப்பதில்லை. 8 பிஆர் டயர் தன் முழு எடையைத் தாங்க 65 பாயிண்ட் அளவில் காற்று வேண்டும். பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது காற்று, ரப்பர் அதைப் பிடித்து வைக்கும் பை. மாமன் மாப்பிள்ளை 1946இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது என்பதை டயர்க்காரர்கள் சொல்லி மகிழ்வார்கள். பலூனிலிருந்து டயருக்கு வந்த தூரம் பெரிதுதான். அடிப்படைச் சரக்கு இரண்டிலும் காற்றே.

காற்றை எப்போது பார்ப்பது? வண்டி ஓடிச் சூடான பிறகு பஞ்சர் கடையில் நிறுத்திப் பார்ப்பது பழக்கம். பத்து டிகிரி சூடு ஏறினால் 65 பாயிண்ட் காற்று இரண்டு பாயிண்டுக்கு மேல் ஏறிக் காட்டும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் ஓடி வந்த டயரில் “அதிகமா இருக்குது” என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் குறை விழும். குறைந்த காற்றில் பக்கவாட்டு மடிந்து மடிந்து நிமிரும். மடிப்பில் சூடு பிறக்கும். சூட்டில் அடுக்குகள் பிரியும். வெடிக்கும் டயர்களில் பல முந்தைய வாரமே வெடிக்கத் தொடங்கியவை. காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பதே சரி. கையில் ஒரு நல்ல கேஜ் வைத்திருக்கும் வண்டிக்காரர் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் அதிகம் எழாது.

பெரிய டயர் போடும் ஆசையும் பரவியிருக்கிறது. கம்பீரமாக இருக்கும் என்பது ஒரு காரணம், பள்ளத்தில் அடிபடாது என்பது இன்னொன்று. 12 அங்குலத்திலிருந்து 13 அங்குலத்துக்குப் போய் மொத்த விட்டம் ஏழு சதவீதம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 53, 54இல் போகும். கோவைப் பக்கத்துப் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் எவ்வளவு துல்லியமாக முள்ளைச் செய்து கொடுத்தாலும், சக்கரம் பொய் சொன்னால் முள்ளும் பொய்தான் சொல்லும். இழுவையும் ஏழு சதவீதம் குறையும். பதினாறு குதிரையில் ஒரு குதிரை லீவு போட்டது மாதிரி. பிரேக்குக்கும் அதே அளவு வேலை கூடும்.

ரீட்ரேட் செய்த டயரைப் பற்றிக் கேலியாகப் பேசுவோர் உண்டு. அது நியாயமில்லை. உடல் நன்றாக உள்ள டயரில், சாலையைத் தொடும் மேற்பரப்பான பட்டனைப் புதிதாக ஏற்றுவது சிக்கனமான, நல்ல தொழில். அதற்கான ரப்பர் பொருள்களை உலகம் முழுக்க விற்கும் எல்ஜி ரப்பர் நிறுவனம் கோவையில்தான் இருக்கிறது. பின்சக்கரத்தோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. திருப்பும் சக்கரம் முன்சக்கரம் என்பதால். ரேடியலையும் நைலான் டயரையும் ஒரே அச்சில் கலக்கவும் கூடாது. இரண்டின் நடை வேறு. வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டயர் ஒரு நாட்குறிப்பு மாதிரி. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சமிருந்தால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட். சுற்றிலும் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகக் குழிகள் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. சக்கரம் சாலையில் உருளாமல் தத்தித் தத்திப் போயிருக்கிறது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயருக்கு வேலை முடிந்தது. கடைசியாக, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். “புதுசு மாதிரியே இருக்குதுங்க” என்று விற்கப்படும் பழைய டயரின் சாதகம் அதில் எழுதியிருக்கிறது.

ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பட்டறையில் யாரும் கேட்பதில்லை என்பது விசித்திரம். பாரம் தாங்குவது ஸ்பிரிங். தாங்கிய அதிர்வைத் தின்று தீர்ப்பது ஷாக். ஷாக் செத்த வண்டியில் ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான்கைந்து முறை ஆடி ஓயும்; அத்தனை ஆட்டமும் பட்டையின் ஆயுளிலிருந்து கழியும். அதுபோலவே பட்டையின் முனையில் உள்ள ரப்பர் புஷ், ஷேக்கிள் பின். பட்டை பெரும்பாலும் உடையும் இடம் நடு போல்ட்டுக்குப் போட்ட துளையின் அருகே. பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து, நடுப்பகுதி பிடியில்லாமல் வளைந்து களைத்துப் போவதால். ஒரு தளர்ந்த நட்டு. அதற்கு மருந்தாகப் புதுப் பட்டை!

வளைவு போன பட்டையைக் கழற்றி, கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டி வளைவேற்றுவதைச் சாலையோரம் பார்க்கலாம். கைத்திறன் மெச்சத்தக்கது. பலன் கொஞ்ச நாள். கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி வளைப்பதோ விபரீதம். ஸ்பிரிங் எஃகைத் தொழிற்சாலையில் சூடேற்றி, எண்ணெயில் நனைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கி ஒரு பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இழுவிசை விழும் முகத்தில் சிறு இரும்புக் குண்டுகளைப் பொழிந்து கெட்டிப்படுத்துவார்கள். தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். இட்லி மாவு புளித்த பிறகு அதைத் திரும்ப அரிசியாக்க முடியுமா?

அப்படியானால் இந்த ஊர் வண்டிக்கு என்னதான் செய்யலாம்? ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் நிறைய செய்யலாம். அதே அளவில், தேவையான எடைக் குறியீடு உள்ள நல்ல ரேடியல் டயர். நான்கு புது ஷாக். புஷ், ஷேக்கிள் மாற்றம். உடைந்த ஒரு பட்டைக்கு மட்டும் மாற்றுப் போடாமல், களைத்த கட்டை முழுசாக, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது. பாரம் ஏறினால் மட்டும் போய்த் தொடும் தட்டையான ஹெல்பர் பட்டை அந்த மாடலுக்கே தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் அது. காலியில் அது சும்மா கிடக்கும், நூல் ஏறியதும் எழுந்து வேலை செய்யும். நான்கு பாரம் சுமக்கும் வண்டிக்குப் பொருந்தும் குணம் அதுதான். எந்த வேலை செய்தாலும் முடிவில் பிரேக் வால்வின் கம்பியை நிறுவனம் சொன்ன அளவுக்குத் திரும்ப அமைத்து, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்று சுவரில் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பட்டறைக்காரர் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொல்லி அனுப்பலாம். புதிதாக அடுக்கிய பட்டைகள் பாரத்தில் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். உட்கார்ந்ததும் யூ போல்ட்டில் இறுக்கம் தளரும். ஆகவே மறுநாள் பதினைந்து மூட்டை நூலோடு அருள்புரம் வரை போய்வந்து, டீ குடிக்கும் நேரம் வண்டியை அதே வாசலில் நிறுத்தினால், டார்க் ரென்ச்சை வைத்து எட்டு நட்டையும் இன்னொரு சுற்று பார்த்துவிடலாம். அதற்குத் தனிக் கூலி கேட்கும் பட்டறை ஊரில் குறைவு.